களப்பில் எறியாத மாத்திரைகள்

நான் பொய் எழுதினேன்.

நீங்கள் சற்றுமுன் வாசித்து முடித்த கடைசி அத்தியாயம் பொய். நஸ்ஹா நோன்பின் முதல் நாள் இறங்குதுறையில் நின்று தன் மாத்திரைகளைக் களப்புத் தண்ணீரில் எறிகிறாளே... பெருநாளன்று கண்ணாடி முன் நின்று தன் பெயரைச் சத்தமாகச் சொல்லிச் சிரிக்கிறாளே... அந்த நஸ்ஹா நான்தான். ஆனால் நான் எறியவில்லை! ஒரு மாத்திரையைக்கூட எறியவில்லை. பதினாறு வயதில் மருந்து குடிக்கத் தொடங்கியவள், இன்று காலையும் குடித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டாம் பதிப்புக்கு முன்னுரை ஒன்று தாருங்கள் என்று பதிப்பாளர் கேட்டார். "வாசகர்கள் குடுத்த வரவேற்பப் பத்தி எழுதுங்க டீச்சர், அது போதும்" என்றார். எழுதுகிறேன். வரவேற்பைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஆனால் முன்னால் அல்ல, இங்கே, அந்த அத்தியாயத்துக்கு அடுத்த பக்கத்திலேயே. நீங்கள் மனம் பொங்கி எழுந்து போய்விடுவதற்குள் உங்களைப் பிடித்து நிறுத்த வேண்டும்.

முதலில் என் சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன். அதை மறைத்தால் இதுவும் இன்னொரு பொய்யாகிவிடும்.

அப்பப்பா, என்ன சந்தோஷம்! பின்னட்டையில் என் தொலைபேசி இலக்கத்தைப் போட்டிருந்தேன். யார் எடுக்கப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். புத்தகம் வந்த கிழமையே கைபேசி அலறத் தொடங்கியது. கல்பிட்டியில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஒருவர் சொன்னார்: "தங்கச்சி, கடைக்கு ஆள் வந்து ஆணி கேக்குறான், நான் பொத்தகத்தக் கையில வெச்சி அழுதுகிட்டு நிக்கிறேன். ஆணி இல்ல எண்டு அனுப்பிட்டேன்!" கடை நிறைய ஆணி வைத்துக்கொண்டு இல்லை என்றிருக்கிறார்! அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

உச்சமுனையிலிருந்து ஒரு தாய் குரல்பதிவு அனுப்பினார். சிக்னல் கிடைக்கும் இடம் தேடிக் கரைக்கு நடந்து போய்ப் பேசியிருக்கிறார். பாதி காற்றுச் சத்தம்தான். அதற்குள் ஒரு வரி மட்டும் தெளிவாகக் கேட்டது: "என்ட புள்ள ஏன் கதைக்காம இருந்தாள் எண்டு இப்பதான் எனக்கு விளங்குது." அந்த ஒரு வரியை எத்தனை முறை போட்டுக் கேட்டேனோ!

புத்தளத்துப் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் என்னை நடுவில் இருத்தி வளைத்துக்கொண்டார்கள். நஸ்ஹா செய்தது சரியா பிழையா என்று ஒருத்திக்கு ஒருத்தி சத்தம்! ஒருத்தி எழும்பி, "டீச்சர், எங்கட வாப்பாவும் தொண்ணூறுல வந்தவருதான். நான் இஞ்சதான் பொறந்தேன். பொறகு ஏன் என்னய வந்த ஆக்கள் எங்குறாங்க?" என்று கேட்டுவிட்டு அழுதாள். பக்கத்திலிருந்தவள், பரம்பரையாகப் புத்தளத்தில் இருக்கும் குடும்பத்துப் பிள்ளை, அவளைக் கட்டிக்கொண்டாள். நான் எழுதிய ஒரு புத்தகம் இதைச் செய்ததா? ஆம், செய்தது! அதை நான் இப்போதும் பெருமையோடுதான் சொல்கிறேன்.

ஏச்சும் வந்தது. "எங்கட சமூகத்துப் புள்ளைகளுக்குப் பைத்தியம் எண்டு ஊரெல்லாம் சொல்ல வெச்சிட்டீங்க" என்று ஒரு தகப்பன் கத்தினார். அந்த ஏச்சும் எனக்கு இனித்தது. வாசித்துவிட்டுத்தானே ஏசுகிறார்!

ஆனால், அழுதவர்கள், கட்டிக்கொண்டவர்கள், கத்தியவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் வந்து நின்றார்கள். "அந்தக் கடைசி அத்தியாயம், டீச்சர்... நோன்போட மருந்த எறியிற அந்த இடம்... மாஷா அல்லாஹ்!"

"ஜஸாகல்லாஹ்" என்று நன்றி சொல்வேன்.

உண்மையில் நடந்தது இதுதான். அடையாள அட்டை எடுப்பதற்காக வாப்பா என்னைக் கிராம சேவகரின் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். அந்த மனிதர் தலையை நிமிர்த்தாமல், "எந்த ஊர்?" என்று கேட்டார். அவ்வளவுதான். பொல்லாத மனிதருமல்ல.

எந்த ஊர்? நான் பிறந்தது புத்தளத்தில். ஆனால் பாடசாலையில் நான் 'அகதிப் புள்ள'. தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களோடு என் பெற்றோரையும் மன்னாரிலிருந்து விரட்டிய கதையைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவள். யுத்தம் முடிந்த கையோடு வாப்பா எங்களை மன்னாருக்குக் கூட்டிப்போய், காடேறிக் கிடந்த எங்கள் வளவைக் காட்டினார். அங்கே எங்களுக்குத் தேத்தண்ணி தந்த பெண், "புத்தளத்தாக்கள் வந்திருக்காங்க" என்று அடுத்த வீட்டுக்குக் குரல் கொடுத்தாள். ஆக, இங்கே நான் மன்னார்; மன்னாரில் நான் புத்தளம்!

கிராம சேவகருக்கு முன்னால் என் நாக்கு அசையவில்லை. வீட்டுக்கு வந்தும் அசையவில்லை. நித்திரை போனது. சோறு இறங்கவில்லை. தெருவில் போகிற எல்லோரும் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு போவதாக எனக்குத் தோன்றியது. ஓதிய தண்ணீர் தந்தார்கள், கையில் நூல் கட்டினார்கள். கடைசியில் உம்மா என்னைச் சிலாபம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

புத்தளத்தில் ஆஸ்பத்திரி இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது! ஆனால் அங்கே வரிசையில் நிற்பவர்களில் பாதிப்பேர் எங்கள் சொந்தக்காரர்கள். மனநோய்க் கிளினிக்கின் வாசலில் என்னைக் கண்டால், எனக்கு மட்டுமல்ல, தங்கைக்கும் கலியாணம் நடக்காது என்று உம்மா பயந்தார். அதனால் சிலாபம். கிளினிக் முடிந்ததும் உம்மா நேரே மீன் சந்தைக்குப் போவார். ஒரு பை மீனோடுதான் ஊர் திரும்புவோம். கேட்பவர்களுக்கு, "சிலாபத்துக்கு மீனுக்குப் போனோம்!" பக்கத்து வீட்டு சித்தி பெனீசா விடமாட்டார். "களப்புக் கரையில இருந்துகிட்டு சிலாபத்துக்கு மீன் வாங்கப் போற ஆக்கள இப்பதான் காணுறேன்" என்று சிரிப்பார். உம்மா முகம் மாறாமல், "அங்கத்த பாரைக்கு ருசி வேற, சித்தி" என்பார். எங்கள் வீட்டில் பொய்க்கு மீன் வாசம் அடிக்கும்.

மருந்து வேலை செய்தது. கிழமைகள் போகப் போக நித்திரை வந்தது, பேச்சு வந்தது, பசி வந்தது. நோன்பு வந்தபோது நிறுத்தவா என்று உம்மா கேட்க, டாக்டர் மறுத்து, காலை மாத்திரையை நோன்பு திறந்த பிறகு எடுக்கும்படி மாற்றித் தந்தார். அப்படித்தான் ஒவ்வொரு நோன்பையும் பிடித்தேன். படித்தேன், முன்பள்ளி ஆசிரியையானேன், தங்கைக்குக் கலியாணமும் நடந்தது. இதுதான் என் வெற்றிக் கதை. வரிசை, மாத்திரை, மீன் பை!

இதை அப்படியே எழுதியிருக்கலாமே? எழுதினேன். முதலில் எழுதிய முடிவில் நஸ்ஹா சிலாபம் கிளினிக்கின் வாங்குப் பலகையில் குந்திக்கொண்டு தன் இலக்கத்துக்காகக் காத்திருக்கிறாள். எழுதிவிட்டுப் பயந்தேன். இது உன் கதையா என்று யாராவது கேட்டால்? என்னிடம் யார் பிள்ளையை அனுப்புவார்கள்? அது பாதிக் காரணம். மீதியையும் சொல்கிறேன்... அந்த முடிவு எனக்குச் சப்பென்று இருந்தது. களப்பு, காற்று, எறியும் கை... இதை எழுதியபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது! நல்ல காட்சிக்காக உண்மையைக் கொடுத்துவிட்டேன். ஊருக்குப் பயந்தவள் என்று மட்டும் என்னை மன்னித்துவிடாதீர்கள். கைதட்டலுக்கும் ஆசைப்பட்டவள் நான்.

வெளியீட்டு விழாவில் ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், நீங்களும் மருந்து குடிச்சிருக்கீங்களா?" அன்று காலை குடித்துவிட்டுத்தான் வந்திருந்தேன்! நான் சிரித்தேன். "எனக்குத் தொழுகையும் எழுத்தும்தான் மகள், மருந்து" என்றேன். என்ன கைதட்டல்! இப்போதும் அது என் காதில் விழுகிறது.

ரிஸ்லா அந்தக் கூட்டத்தில் இருக்கவில்லை. அவள் குறிஞ்சிப்பிட்டியில் இருந்தாள். வயது பதினேழு. யாரோ அந்த விழாவைப் பதிந்து போட்டதைக் கைபேசியில் பார்த்திருக்கிறாள். மறுநாள் குரல்பதிவு வந்தது. மூச்சு வாங்க வாங்கப் பேசினாள். "டீச்சர், நான்தான் நஸ்ஹா! அச்சொட்டா நான்தான்! எனக்கும் சிலாபத்துலதான் மருந்து எடுக்குறாங்க. உம்மாவத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது, உங்களுக்குத்தான் சொல்றேன்."

அதே கிளினிக். அதே வாங்கு. அன்றே சொல்லியிருக்க வேண்டாமா, "நானும் அங்கேதான் வருகிறேன், ரிஸ்லா" என்று? ஒரே ஒரு வரி! நான் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக என்ன செய்தேன் தெரியுமா? மதினியிடம் முகம் மூடும் துணியொன்றை இரவல் வாங்கினேன். அதற்குப் பிறகு கிளினிக் போகும் நாளில் மட்டும் முகத்தை மூடிக்கொண்டு போனேன். மதினி அதை அல்லாஹ்வுக்காக அணிகிறார். நான் வாசகிக்குப் பயந்து அணிந்தேன்.

நாங்கள் அடிக்கடி பேசினோம். அவள் நகைச்சுவைக்காரி. தங்கள் தோட்டத்து மிளகாய்ச் செடிகளுக்கு வகுப்புத் தோழிகளின் பெயர்களை வைத்து, யார் வாடியிருக்கிறாள் என்று எனக்கு அறிவிப்பாள். நோன்பு பிறந்த அன்று பின்னேரம் அவளுடைய பதிவு வந்தது. பின்னால் காற்று, தண்ணீர்ச் சத்தம். "டீச்சர்! நானும் எறிஞ்சிட்டேன்! நஸ்ஹா மாதிரியே, முழுக்க எறிஞ்சிட்டேன்! உம்மாக்கும் சந்தோசம். நோன்பு முழுக்க மருந்தில்லாம புடிக்கப் போறேன், துஆ செய்யுங்க!"

அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். நோன்பு திறக்க நேரமாகிக்கொண்டிருந்தது. என் முன்னால் கஞ்சி, பேரீச்சம்பழம், தண்ணீர், அவற்றுக்குப் பக்கத்தில் என் மாத்திரை.

இங்கேதான்... என் குற்றம் இங்கேதான் இருக்கிறது. நாவலில் பொய் சொன்னதை விட்டுவிடுங்கள், கதை என்று தப்பித்துக்கொள்ளலாம். மேடையில் சொன்னதைக்கூடப் பயம் என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கு என்ன பெயர் வைப்பேன்? ஒரு பிள்ளை என்னை நம்பி மருந்தை எறிந்துவிட்டேன் என்கிறாள். எனக்கு அதன் ஆபத்து தெரியும். இடையில் நிறுத்தினால் என்னாகும் என்று டாக்டர் எனக்கும் உம்மாவுக்கும் விரல் நீட்டி எச்சரித்திருக்கிறார். நான் எழுதினேன்: "மாஷா அல்லாஹ் மகள். துஆவில் வைத்திருக்கிறேன்." கூடவே ஓர் இதயம். சிவப்பு இதயம்!

பாங்கு சொன்னது. பேரீச்சம்பழத்தால் நோன்பைத் திறந்தேன். மாத்திரையை விழுங்கினேன்.

முதலில் நாள்தோறும் பேசினாள். பிறகு ஒரே நாளில் பல பதிவுகள், வேகம் வேகமாக, பாதியில் அறுந்து அறுந்து. பிறகு ஒன்றுமில்லை. தொழுகை, ஓதல் என்று அமலில் மும்முரமாக இருக்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எவ்வளவு வசதியான எண்ணம்!

பெருநாள் கழிந்து சிலாபம் கிளினிக்குக்குப் போனேன். மூடிய முகத்தோடு வாங்கின் ஓரத்தில் உட்கார்ந்தேன். ஒரு தாயும் மகளும் வந்து பக்கத்தில் இருந்தார்கள். மகள் சுவரைப் பார்த்தபடி இருந்தாள். "ரிஸ்லா, தண்ணி குடி மகள்" என்றார் தாய்.

அந்த மூச்சு வாங்கும் குரலுக்கு உரியவள் என் தோளுக்குப் பக்கத்தில் குரலே இல்லாமல் இருந்தாள்.

தாய் என் பக்கம் திரும்பினார். பாவம், யாரிடமாவது பேச வேண்டும் போல அவருக்கு. "எந்த ஊர் மகள்?" என்று கேட்டார்.

எந்த ஊர்! அதே கேள்வி! ஆனால் இந்த முறை நாக்கு நன்றாகத்தான் இருந்தது. வாய் திறந்தால் ரிஸ்லாவுக்கு என் குரல் தெரிந்துவிடும். அவளுக்கு அந்தக் குரல் மனப்பாடம். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"கதைக்கிறதில்லையா? அல்லாஹ்வே... இவளும் இப்ப அப்படித்தான்." என் கையைத் தன் கையில் எடுத்துத் தடவினார். தடவிக்கொண்டே சொன்னார். "நல்லாத்தான் இருந்தாள் மகள். ஒரு பொத்தகம் வாசிச்சாள். அதுல வாற புள்ள நோன்போட மருந்த எறிஞ்சிட்டு சுகமாயிட்டாளாம். எழுதின டீச்சருக்கும் அப்படித்தான் சுகமாச்சாம். எனக்கும் வாசிச்சிக் காட்டினாள். நானும் அழுது, நீயும் எறி மகள் எண்டு நான்தான் சொன்னேன்... நோன்பு முடியிற நேரம் நித்திரையே இல்ல. ஒரு நாள் சுபஹுத் தொழுகைக்குப் பொறகு ஆளக் காணல்ல. போய்ப் பாத்தா இடுப்பளவு தண்ணியில நிக்கிறாள். என்ன செய்றாய் எண்டு கேட்டா, எறிஞ்ச மாத்திரையத் தேடுறேன் உம்மா எண்டாள்."

அவர் என் கையை விடவேயில்லை.

துணிக்குள்ளே நான் அழுதேன். அவருக்கு அது தெரிந்தது. "அழாதீங்க மகள், உங்களுக்கும் சுகமாகும்" என்று என்னைத் தேற்றினார். என்னை! அவர் மகளைத் தண்ணீரில் இறக்கிய என்னை!

சிங்களத்தில் என் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். எழும்பிப் போனேன். திரும்பி வரும்போது மருந்து எடுக்கும் இடத்தில் அவர்கள் நிற்பதைக் கண்டு, மருந்தை வாங்காமலேயே பஸ்ஸில் ஏறினேன். அடுத்த நாள் திரும்பவும் போய் எடுத்தேன். பாருங்கள், நான் ஒரு வேளைகூடத் தவறவில்லை.

சில கிழமைகளில் ரிஸ்லாவின் குரல் வந்தது. மருந்து திரும்பவும் பிடித்துவிட்டது. மெதுவான, களைத்த குரல். "டீச்சர், கோவிக்காதீங்க. நஸ்ஹா செஞ்ச மாதிரி எனக்குச் செய்ய ஏலாமப் போச்சி. உங்கட கதையில பிழ இல்ல. என்ட ஈமான்தான் காணாது போல."

கேட்டீர்களா? இதுதான் என் புத்தகத்துக்கு வந்த எல்லாக் கருத்துகளிலும் உண்மையானது. நான் பொய் சொன்னேன். அவள் தன் நம்பிக்கையைச் சந்தேகப்பட்டாள்.

அதற்கும் நான் உடனே பதில் சொல்லவில்லை. பதிப்பாளருக்குத்தான் தொலைபேசி எடுத்தேன். கடைசி அத்தியாயத்தைச் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம் என்றார் அவர், நல்ல எண்ணத்தோடுதான். நான் மறுத்தேன். முதல் பதிப்பு உங்கள் வீடுகளில் இருக்கிறது. அதைத் திருப்பி வாங்க என்னால் முடியாது. பொய் அப்படியே இருக்கட்டும், இது அதன் பக்கத்தில் இருக்கட்டும். இது வெளிவந்ததும் முன்பள்ளியில் எத்தனை பிள்ளைகள் மிஞ்சுவார்கள் என்று தெரியாது. உம்மா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. தங்கையின் மாமியார் வீட்டில் என்ன சொல்வார்களோ!

உங்களில் யாராவது அந்த அத்தியாயத்தை நம்பி மருந்தை நிறுத்தியிருந்தால், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், இன்றைக்கே டாக்டரிடம் போங்கள். நோன்பு காலமென்றால் நேரத்தை மாற்றித் தருவார்கள். எனக்கு மாற்றித் தந்தார்கள். நான் அதை உங்களிடமிருந்து மறைத்தேன்.

இதை அச்சுக்கு அனுப்புமுன் அவளுக்குத் தெரிய வேண்டுமென்று, நேற்று ரிஸ்லாவுக்குக் குரல்பதிவு அனுப்பினேன். பலமுறை பேசி அழித்து, கடைசியில் இவ்வளவுதான் சொன்னேன்: "ரிஸ்லா, உங்கட ஈமானுக்கு ஒண்டுமில்ல. நான் மருந்த எறியவே இல்ல மகள், இண்டைக்கும் குடிக்கிறேன். நீங்க எறிஞ்சிட்டேன் எண்டு சொன்ன அண்டைக்கும் குடிச்சேன். சிலாபத்துல உங்கட உம்மாக்குப் பக்கத்துல முகத்த மூடிக்கிட்டு இருந்தது நான்தான்."

கேட்டுவிட்டாள் என்பதற்கு அடையாளமாக நீலக் கோடுகள் விழுந்தன. காத்திருந்தேன். அடுத்த கிளினிக் நாளில் முகத்தை மூடாமல் அந்த வாங்கில் இருப்பேன். எனக்குப் பக்கத்தில் அவர்கள் உட்காருவார்களா என்று தெரியாது.

இன்று காலை அந்த இலக்கத்திலிருந்து ஒரு பதிவு வந்தது. ரிஸ்லா அல்ல, அவளுடைய உம்மா. கோபமில்லாத குரல். அதுதான் தாங்க முடியவில்லை.

"அண்டைக்கு நான் எந்த ஊர் எண்டுதானே கேட்டேன், மகள்..."

அவ்வளவுதான் சொன்னார்.